எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை

புது வண்டிக்குப் பூஜை போட்டால் கடைசியில் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். வண்டி அதன் மேல் ஏறி நசுக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். லாரிக்கு நாலு பழம், ஆட்டோவுக்கு மூன்று. எங்கள் வண்டிக்கு இரண்டு.

செங்கம் ரோட்டில் ஏகாம்பரத்தின் வாடகை சைக்கிள் கடை வாசல். ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அந்த வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். என் நெற்றியிலும் ஹேண்டில்பாரிலும் ஒரே அளவில் குங்குமம். கற்பூர வாசனையும் பெட்ரோல் வாசனையும் ஒன்றாக வந்தன. இந்த இரண்டும் அவ்வளவு பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது அன்று அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை.

"சார், நா கயித்த இழுக்கறேன். சத்தம் வந்ததும் லிவரை மெதுவா விடுங்க. சட்டுனு விட்டீங்கன்னா பறந்துடும்" என்றார் ஏகாம்பரம்.

மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. என் மனைவி அம்சவேணி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மாமனார் கோவிந்தசாமி தோள் துண்டை எடுத்து இன்னொரு தோளில் போட்டுக்கொண்டார். அவர் எதையாவது கூர்ந்து கவனிக்கப் போகிறார் என்றால் முதலில் அதைத்தான் செய்வார்.

நான் லிவரை விட்டேன்.

முன்சக்கரத்தின் எதிரே இருந்த எலுமிச்சம்பழம் என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. பழம் எப்படித் தானாக நகரும் என்று ஒரு விநாடி யோசித்தேன். பழம் நகரவில்லை. நகர்ந்தது நான்.

வண்டி பின்னால் போனது. சும்மா போகவில்லை, உற்சாகமாகப் போனது. பெடல்கள் தலைகீழாகச் சுற்றி என் கால்களை மாறி மாறி உதைத்தன. நான் பிரேக்கைப் பிடித்தபோது, வரிசையாக நிறுத்தி வைத்திருந்த வாடகை சைக்கிள்களில் முதலாவது சரிந்துவிட்டிருந்தது. மீதி சைக்கிள்கள், அது என்னவோ முறை வைத்துக்கொண்டது போல, ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்தன.

சைக்கிள் எடுக்க வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் மட்டும் கைகூப்பி நின்றார். பின்பக்கமாகப் போவது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. ஆசிரமத்துப் பக்கம் தங்க வருபவர்கள் இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் முதலில் கும்பிட்டுவிட்டு அப்புறம்தான் என்னவென்று கேட்பார்கள்.

மாமனார் குனிந்து பழத்தை எடுத்தார். துண்டில் துடைத்தார்.

"நசுங்கல மாப்ள. ரசம் வெக்கலாம்."

பத்தரை மணி பஸ்

இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, அரசு அலுவலகங்கள் ஒவ்வொன்றாக வேங்கிக்கால் பக்கம் குடியேறிக்கொண்டிருந்த காலம். அவற்றில் ஒன்றில் நான் இளநிலை உதவியாளர். எனக்கு மேசை வந்து ஆறு மாதம் கழித்துத்தான் நாற்காலி வந்தது. அதுவரை ஒரு சாட்சியைப் போல நின்றுகொண்டே கோப்பு பார்த்தேன்.

எனக்கும் அம்சாவுக்கும் கல்யாணமாகி மூன்று மாதம். திருவூடல் தெருவில் ஒரு மாடிப் போர்ஷன். சமையலறையில் ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே வந்துவிட வேண்டும். புதிதாகக் கல்யாணமானவர்கள் அதையெல்லாம் குறையாகச் சொல்வதில்லை.

திருவூடல் தெரு என்ற பெயருக்குக் காரணம் ஊருக்கே தெரியும். தை மாதம் சாமிக்கும் அம்மனுக்கும் அந்தத் தெருவில் சண்டை வரும். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி ஒரு ராத்திரி வேறு கோயிலில் தங்கிவிட்டு, மறுநாள் மலையைச் சுற்றி வந்து சமாதானமாவார். ஆண்டவனுக்கே ஒரு ராத்திரிதான் பிரிவு.

எங்களுக்கு வாரத்தில் ஐந்து ராத்திரி வரும் போலிருந்தது.

அம்சாவுக்கு ஆசிரியை வேலைக்கு ஆர்டர் வந்ததுதான் காரணம். ஆர்டரைப் பார்த்து இருவரும் குதித்தோம். கீழ் போர்ஷன்காரர் மேலே வந்து என்னவென்று கேட்டார். இனிப்பு கொடுத்து அனுப்பினோம். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தோம்.

வேங்கிக்காலைத் தாண்டிப் போய், மெயின் ரோட்டை விட்டுப் பிரிந்து, உள்ளே ஒரு கிராமம். எங்கள் வீட்டிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். அந்த ஊருக்கு பஸ் உண்டு. ஆனால் அது ராத்திரி அங்கேயே தங்கி, காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வரும் பஸ். டவுனிலிருந்து அங்கே போக முதல் பஸ் பத்தரை மணிக்கு. பள்ளிக்கூடத்தில் பிரேயர் ஒன்பதரைக்கு.

அதே பள்ளிக்கூடத்துக்கும் என் மாமனார் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஏரி மட்டும்தான். கரை மேல் நடந்தால் பத்து நிமிடம்.

மாமனார் ஒரு பை மல்லாட்டையோடு வந்தார். எங்கள் பக்கம் வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வோம். உட்கார்ந்து நாலு உரித்துச் சாப்பிட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"இதுல இன்னா யோசனை மாப்ள? பாப்பா நம்ம ஊட்லருந்து நடந்தே ஸ்கூலுக்குப் போய்டும். வெள்ளிக்கிழமை சாயந்தரம் இங்க வரட்டும். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அங்க வரட்டும். ஒரு வருசம், ரெண்டு வருசத்துல டிரான்ஸ்பர் வாங்கிக்கலாம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வீட்டில் பேச ஆளில்லாமல் மாட்டோடு பேசிக்கொண்டிருந்தவர். கவர்ன்மென்ட்டே ஆர்டர் போட்டுப் பெண்ணைத் திருப்பி அனுப்பினால் யாருக்குத்தான் கசக்கும்?

அம்சா என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்கள் என்ற பார்வை.

"நான் தினமும் கொண்டுபோய் விடறேன் மாமா" என்றேன்.

"எதுல?"

"வண்டி ஒன்னு செய்றேன்."

வாங்குகிறேன் என்று சொல்ல வந்தவன்தான். மொபட்டுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த அலுவலக நண்பர்களின் முகம் ஞாபகம் வந்து, வினைச்சொல்லை நடுவழியில் மாற்றிவிட்டேன். என் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை.

பதினேழு படங்கள்

நான் பி.எஸ்சி. இயற்பியல். மூன்றாம் வகுப்பில் தேறியவன். பாடப்புத்தகத்தைத் தவிர மற்ற விஞ்ஞானப் புத்தகங்களை எல்லாம் படித்ததன் விளைவு அது. ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்று அரை மணி நேரம் பேசுவேன். வீட்டில் ஃபியூஸ் போனால் அம்சாதான் போடுவாள்.

அலுவலகத்தில் வீணான தாள்களின் பின்பக்கத்தில் வண்டியின் படங்கள் வரைந்தேன். மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றிலும் முன்னால் மீசை வைத்த ஓர் ஆள். பின்னால் கேரியரில் கொண்டை போட்ட ஒரு பெண், இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டபடி. படங்களுக்குக் கீழே நீண்ட விளக்கக் குறிப்புகள். நான் எழுதிய முதல் கற்பனைப் படைப்புகள் அவைதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஏகாம்பரம் பதினேழையும் பொறுமையாகப் பார்த்தார். வெற்றிலைக் கறை படிந்த பல்லைக் காட்டினார்.

"படம் சூப்பர் சார். மீசை கரெக்டா வந்துகீது. இன்ஜின் எங்க?"

இன்ஜின்தான் எந்தப் படத்திலும் இல்லை. 'சக்தி மூலம்' என்று எழுதி ஒரு கட்டம் போட்டிருந்தேன்.

அதை அவர்தான் கண்டுபிடித்தார். முதுகில் மாட்டிக்கொண்டு வயலுக்கு மருந்தடிப்பார்களே, அந்த பவர் ஸ்பிரேயர். அவருடைய மச்சான் வீட்டில் டேங்க் ஓட்டையாகி ஒன்று கிடந்தது. கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும் சின்ன இன்ஜின். அதைச் சைக்கிளின் பெடலுக்குக் கீழே நாலு போல்ட்டில் தொங்கவிடுவது. இன்ஜின் தண்டின் முனையில், லேத்தில் கடைந்த ஓர் இரும்பு உருளை. ஒரு லிவரை விட்டால் உருளை பின் டயரோடு ஒட்டும், டயர் சுற்றும். லிவரை இழுத்தால் உருளை விலகும், வெறும் சைக்கிள். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, செயின் கூட வேண்டாம்.

சைக்கிளுக்கு அம்சாவின் சைக்கிள். கல்யாணத்தில் சீராக வந்தது. நடுவில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள், பள்ளி நாட்களிலேயே ஏரிக்கரையில் ஓட்டிப் பழகியவள் என்பதால் அவள் கேட்டு வாங்கியது. என் சைக்கிளை இன்ஜினோடு சேர்த்துக் கட்டினால் இன்ஜினுக்கு அவமானம் என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டார்.

நம்பர் பிளேட் வேண்டுமா என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் வேண்டும் என்று சொல்லிவிடுவார்களோ என்பதால் கேட்கவில்லை. நானும் அரசு ஊழியன்தானே.

மூன்று வாரம் மாலை நேரங்களில் கடையிலேயே கிடந்தேன். என் பங்கு, ஸ்பானரைக் கேட்டதும் எடுத்துக் கொடுப்பது, டீ சொல்வது, இடையிடையே உராய்வு விசை பற்றி எடுத்துரைப்பது. பின்சக்கரத்தைக் கயிற்றில் தூக்கிக் கட்டி இன்ஜினை ஓட்டிப் பார்த்தோம். சக்கரம் முன்பக்கமாக ஜம்மென்று சுற்றியது. ஏகாம்பரம் என் கையைக் குலுக்கினார். அன்று முழுக்க அந்தக் கையில் ஆயில் போகவில்லை, நானும் போக்க முயலவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம்

திங்கட்கிழமை அம்சா வேலையில் சேர வேண்டும். ஞாயிறு பூஜை, வெள்ளோட்டம். சனிக்கிழமை சாயங்காலம் அவளைக் கடைக்கு அழைத்து வந்து காட்டினேன். சுற்றி வந்து பார்த்தாள். கேரியரில் ஏறி, எல்லாப் பெண்களையும் போல இடது பக்கம் காலைப் போட்டு உட்கார்ந்தாள். உடனே இறங்கினாள்.

"ஏங்க, இந்தப் பொகக் கொழாய் நேரா என் காலாண்ட வருதே. சூடு ஏறிச்சுன்னா பொடவை எரிஞ்சிடாதா?"

உண்மைதான். சைலன்சர் குழாய் இடது பக்கம் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. பதினேழு படத்திலும் புடவை இருந்தது. ஒன்றில்கூடப் புகை இல்லை.

"அவ்ளோதானம்மா?" என்றார் ஏகாம்பரம். "இன்ஜினைக் கழட்டித் திருப்பி மாட்டிட்டா கொழாய் அந்தப் பக்கம் போய்டும். நாலு போல்ட்டு."

அரை மணி நேரத்தில் இன்ஜின் முன்பின்னாகத் திரும்பியது. குழாய் வலது பக்கம் போனது. கயிற்றை இழுத்துச் சத்தம் வருகிறதா என்று பார்த்தோம். வந்தது. சக்கரத்தைத் தூக்கிக் கட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அதுதான் நேற்றே பார்த்தாயிற்றே.

அங்கே இரண்டு பேர் இருந்தோம். ஒருவர் இருபது வருட மெக்கானிக், இன்னொருவர் இயற்பியல் பட்டதாரி. இன்ஜினை முன்பின்னாகத் திருப்பினால் அது சுற்றும் திசையும் மாறிவிடும் என்பது இருவருக்குமே உறைக்கவில்லை. புடவை தப்பித்தது என்ற சந்தோஷத்தில் ஆளுக்கொரு டீ குடித்தோம்.

படுத்த சைக்கிள்களை நிமிர்த்தியபோது

மீண்டும் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வருகிறேன். நானும் ஏகாம்பரமும் கடைசி சைக்கிளை நிமிர்த்திக்கொண்டிருந்தோம். அம்சா வண்டியின் பக்கத்தில் குந்தி உருளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து இன்ஜினைத் திருப்பி மாட்னீங்க இல்ல? அப்ப சக்கரமும் திரும்பித்தான சுத்தும்?"

ஏகாம்பரம் கையிலிருந்த சைக்கிளை விட்டார். அது மறுபடி விழுந்தது.

"ஏம்மா, இத நேத்தே சொல்லக் கூடாதா?"

"இவரு பிசிக்ஸ் ஆச்சே, யோசிச்சிருப்பாருன்னு இருந்துட்டேன்."

மாமனாருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சிரிக்காமல் பேசுவதில் அவரை மிஞ்ச முடியாது.

"வண்டி நல்லாத்தான் ஓடுது மாப்ள. ஸ்கூல் அந்தப் பக்கமா இருந்திருந்தா சரியா இருந்திருக்கும்."

இன்ஜினைப் பழையபடி மாட்டினால் முன்னால் போகும். ஆனால் குழாய் இடது பக்கம் வந்து புடவையைச் சுடும். குழாயை வளைத்து அந்தப் பக்கம் கொண்டுபோகலாம்; ஆனால் வெல்டிங் பட்டறைக்கு ஞாயிறு லீவு. வலது பக்கம் காலைப் போட்டு உட்காரட்டுமே என்றேன். மாமனார் கையை உயர்த்தினார்.

"நடுரோட்டுப் பக்கம் காலத் தொங்கப் போட்டுகினு எம்பொண்ணு வர்றதா? லாரிக்காரன் உரசிட்டுப் போய்ட்டே இருப்பான். வேணாம் மாப்ள."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்குக் காலையில ஸ்கூல் கேட்டாண்ட நிக்கறேன். பிரேயருக்குள்ள பாப்பாவக் கொண்டாந்து விட்டீங்கன்னா, இனிமே இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். இல்லனா, நாளையிலருந்து அது நம்ம ஊட்ல. கோச்சுக்காதீங்க."

எலுமிச்சம்பழத்தோடு மத்தியான பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். திருவூடல் தெரு மாடிப் போர்ஷனில் தனியாக உட்கார்ந்து எனக்கு நானே உப்புமா கிளறிக்கொள்ளும் காட்சி, பதினெட்டாவது படமாக, தெளிவாகத் தெரிந்தது.

அம்சா ஏகாம்பரத்திடம் பேசினாள்.

"அண்ணே, இன்ஜினப் பழையபடியே மாட்டிடுங்க."

"அப்பறம் உன் பொடவைம்மா?"

"நா பின்னாடி உக்காரல. நா ஓட்றேன்."

இருவரும் அவளைப் பார்த்தோம்.

"இவரு எதுக்கு ஸ்கூல் வரைக்கும் வந்துட்டு, மறுபடி வேங்கிக்காலுக்குத் திரும்பி ஓடணும்? இவரு ஆபீஸ் நா போற வழியிலதான இருக்குது? இவரப் பின்னாடி ஏத்திக்கினு போய் அங்க எறக்கி விட்டுட்டு நா நேரா போறேன். சாயந்தரம் வரும்போது ஏத்திக்கறேன்."

பதினேழு படம் வரைந்திருக்கிறேன். இருக்கையில் இருந்த ஆளின் மீசையைப் பதினேழு விதமாகத் திருத்தியிருக்கிறேன். ஆளை மாற்றலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"உனக்கு ஓட்ட வருமா?" என்று கேட்டேன்.

"அது என் சைக்கிள்ங்க."

நாலு போல்ட் மறுபடி கழன்று மறுபடி ஏறின. கூட்டம் கலைந்த பிறகு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். ஏகாம்பரம் கயிற்றை இழுத்தார். லிவரை, காபிக்கு டிகாக்ஷன் விடுவது போல, நிதானமாக விட்டாள். வண்டி முன்னால் போனது. ஆசிரமம் வரை போய்த் திரும்பி வந்தாள். முகமெல்லாம் காற்று.

"பயமா இல்லியா?"

"பின்னாடி போகலியே, அப்பறம் இன்னா பயம்?"

வேங்கிக்கால் கேட்

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு வேங்கிக்கால் அலுவலக வளாக வாசலில், மனைவி ஓட்டிய வண்டியின் கேரியரிலிருந்து நான் இறங்கினேன். இடது பக்கக் குழாய் அவள் புடவையைத் தொடவில்லை. என் இடது பேன்ட் காலில் எட்டணா அளவுக்கு ஓர் ஓட்டை போட்டிருந்தது. டீக்கடையில் நின்றிருந்த எங்கள் ஹெட் கிளார்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், புது டிரைவரா?"

அம்சா அதைக் காதில் வாங்கவில்லை.

"ஏங்க, ஒரு தள்ளு தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். போய்விட்டாள். புகை அடங்கும்வரை நின்று பார்த்தேன்.

அலுவலகம் திறக்க இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. நான் சர்வீஸில் சீக்கிரமாக வந்தது அந்த ஒருநாள்தான் என்று எழுத ஆசை. அதற்குப் பிறகு தினமுமே அப்படித்தான் வர வேண்டியிருந்தது.

அன்று ஒரு கோப்பும் ஓடவில்லை. அந்த ஊரில் போன் கிடையாது. ஒன்பதரை ஆனதும் பிரேயர் முடிந்திருக்கும் என்று நினைத்தேன். முடிந்தபோது அவள் அங்கே இருந்தாளா, பாதி வழியில் நின்றாளா, தெரியாது. பள்ளிக்கூடம் நாலேகாலுக்கு விடும். எப்படிப் பார்த்தாலும் ஐந்தேகாலுக்குள் வேங்கிக்காலுக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால், அவள் ஏரிக்கரை மேல் நடந்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

ஐந்தேகால் ஆனது. ஐந்தரை ஆனது. டவுன் பஸ் ஒன்று வந்து எனக்காகத் தயங்கிவிட்டுப் போனது. ஹெட் கிளார்க், "டிரைவர் லீவா சார்?" என்று கேட்டுவிட்டு அதில் ஏறிப் போனார். ஐந்தே முக்கால். மலை மேல் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நான் உப்புமாவுக்கு வீட்டில் ரவை இருக்கிறதா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

அப்போது சத்தம் கேட்டது. மருந்தடிக்கும் மிஷினின் அந்தச் சத்தத்தை யாரும் இனிமை என்று சொன்னதில்லை. நான் சொல்வேன்.

அம்சா வந்தாள். பின்னால் கேரியரில், தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு, வேட்டியை மடித்து முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு, என் மாமனார்.

"லேட் ஆய்டுச்சாங்க?" என்றாள். முகம் முழுக்கத் தூசி. கையில் சாக்பீஸ் வெள்ளை. "அப்பா வெயிட் ஜாஸ்தி. மேட்ல எறங்கி நடங்கப்பான்னா கேக்க மாட்டேன்றாரு."

மாமனார் என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"ஒம்போதுக்கெல்லாம் வந்துடுச்சு மாப்ள. எங்கடி மாப்ளன்னு கேட்டேன். வேங்கிக்கால்ல எறக்கி விட்டுட்டேன்றா. ஸ்கூல் பசங்க மொத்தமும் கேட்டாண்ட வந்துட்டாங்க. வாத்தியாருங்களும்தான்." முண்டாசை இறுக்கிக்கொண்டார். "வண்டி முன்னாடியும் போவுது."

"சரிங்க மாமா, எறங்குங்க. நான் ஏறிக்கறேன்" என்றேன்.

அவர் இறங்கவில்லை. கேரியரின் கம்பியை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு இன்னா மாப்ள, நாலு கிலோமீட்டர். டவுன் பஸ் வரும். நா ராத்திரி தங்கிட்டுக் காலையில போறேன். பாப்பா, நீ கெளம்பு. மாப்ள, ஒரு தள்ளு தள்ளுங்க."

அம்சாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. லிவரில் கையை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, வீட்டுக்கு வரும்போது அரை லிட்டர் பால் வாங்கிட்டு வந்துடுங்க. காபி போடணும்."

தள்ளினேன். புகையைக் கிளப்பிக்கொண்டு இருவரும் டவுன் பக்கம் போனார்கள்.

அவள் அரை லிட்டர்தான் சொன்னாள். நான் ஒரு லிட்டராக வாங்கிக்கொண்டு போனேன்.